சாயம் கடைசி வேலை: டர்பனில் அச்சுத் துணியோடு பழகியதில் தெரிந்துகொண்டவை

என்னிடம் துணி பார்க்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான். "இது ஒரிஜினல் இயற்கைச் சாயமா அக்கா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் வியாபாரம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் நின்று விளக்கவும் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். முன்னறையில் தையல் வேலை. குர்த்தி, இங்கே எல்லாரும் பஞ்சாபி என்று சொல்கிற சுடிதார் செட், பாவாடை, செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே என்கிற பண்பாட்டு விடுமுறை நெருங்கிவிட்டால் ஷ்வேஷ்வே என்ற இந்த நாட்டு அச்சுத் துணியையும் நம் அச்சுத் துணியையும் சேர்த்துத் தைக்கிற கவுன்கள். துணி ராஜஸ்தானின் பாக்ரு, சாங்கானேர், ஆந்திராவில் மச்சிலிப்பட்டினத்தை ஒட்டிய பெடனா, குஜராத்தின் கட்ச் என்று பல இடங்களிலிருந்து வருகிறது. பின்கட்டில் எவர்சில்வர் அண்டாக்கள், ஒரு பழைய இரும்புச் சட்டி, கொஞ்சம் மரக்கட்டைகள் வைத்துக்கொண்டு நானும் சாயம் போடுகிறேன். அது வியாபாரத்துக்கு இல்லை, துப்பட்டா, தலையணை உறை அளவில்தான். விற்பதும் சாயம் போடுவதும் ஒரே ஆள் என்பதால் சில விஷயங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிளாக் பிரிண்ட் வேறு, இயற்கைச் சாயம் வேறு. மரக்கட்டையால் கையாலேயே அச்சிட்ட துணியில் பிக்மென்ட் சாயமோ வேறு ரசாயனச் சாயமோ இருக்கலாம், சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படித்தான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அதை மாதுளை ஓட்டிலும் மஞ்சிட்டி வேரிலும் செய்தது என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

அச்சு கட்டையா ஸ்க்ரீனா என்று பார்க்க, துணியை மேசையில் விரித்துப் பக்கத்துப் பக்கத்துப் பூக்களை ஒப்பிடுங்கள். கட்டை உள்ளங்கை அளவோ அதைவிடக் கொஞ்சம் பெரிதோதான் இருக்கும். ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிறம் மயிரிழை அளவு ஏறி விழுந்திருக்கும், அல்லது மயிரிழை இடைவெளி விட்டிருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த குறிப்பு, ஸ்க்ரீன் போடுகிறவர்களுக்கும் தெரியும், அதனால் அவர்கள் அந்தப் பிசகையே டிசைனில் வரைந்து விடுகிறார்கள். ஆகவே பிசகு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதே பிசகு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சிவப்பு இதழ் கறுப்புக் கோட்டைவிட்டு வலது பக்கம் அரை மில்லி விலகியிருக்கிறது என்றால் அடுத்த பூவிலும் அதற்கடுத்த பூவிலும் அச்சு அசலாக அதே அரை மில்லி விலகியிருக்காது, கை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழாது. (கட்டையே உடைந்து சில்லு போயிருந்தால் அந்தக் குறை எல்லா அச்சிலும் வரும், அது வேறு கணக்கு.) அப்புறம் துணியைத் திருப்பிப் பாருங்கள். கடுக்காய், படிகாரம் போட்டு அண்டாவில் கொதிக்க வைத்த துணியில் நிறம் பின்பக்கமும் இறங்கியிருக்கும். பிக்மென்ட் மேலாக உட்கார்ந்திருக்கும், பின்பக்கம் வெளிறி, முன்பக்கம் தடவினால் லேசாக ரப்பர் மாதிரி கைக்குத் தட்டுப்படும்.

சாயத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம். பளீர் பிங்க், டர்க்காய்ஸ் நீலம் என்றால் அநேகமாக ரசாயனம்தான். கறுப்புக் கோட்டில், உள்மடிப்பில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்து வந்த கறுப்பு என்றால் கொஞ்ச நேரத்தில் வெளுக்க ஆரம்பிக்கும், பிக்மென்ட் கறுப்பு அசையாது. ஆனால் சிவப்பிலும் நீலத்திலும் இந்த மாதிரிச் சோதனைக்கு வேலை இல்லை, காரணம் சொல்கிறேன். மஞ்சிட்டியின் ஐரோப்பிய இனமான மேடர் வேரிலும் நம் கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் தோண்டியெடுத்த சாயவேரிலும் சிவப்பைத் தருகிற பொருள்களில் முக்கியமானது அலிசரின். அதை 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை நீலமும் பிஏஎஸ்எஃப் வழியாகக் கடைக்கு வந்தது. இன்று பெடனாவிலும் பாக்ருவிலும் 'இயற்கை' என்று வருகிற சிவப்பில் நிறைய இந்த அலிசரின் பொடிதான். மூலக்கூறு ஒன்றே, படிகாரத்தோடு அது சேர்கிற விதமும் ஒன்றே, துவைத்தால் நிற்பதும் அப்படியே. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. கடுக்காய், படிகாரம், அச்சு, அலசல் என்று வேலை முழுக்கப் பழைய முறையில் நடந்திருந்தால் நான் வாங்குவேன், விற்பேன். ஆனால் "சிவப்பு அலிசரின் பொடி" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். சொன்னதனால் யாரும் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போனதில்லை.

சரி, இந்த வேலையில் என்னதான் இருக்கிறது?

பருத்திக்குச் சாயத்தின் மேல் ஆசையே கிடையாது. பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. அதற்கு முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும், துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் சாயத்தைப் பிடிக்கும். சுவருக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன் பட்டி பார்ப்பது மாதிரிதான், அதை ஒழுங்காகச் செய்யாமல் என்ன விலை பெயின்ட் அடித்தாலும் உரிந்துவிடும். கோரமண்டல் கரையிலிருந்து போன சீட்டித் துணிகளைப் பார்த்து 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மிரண்டதற்கும், பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடை செய்ததற்கும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டதற்கும் அடியில் இருந்தது இந்தக் கைப்பக்குவம்தான். சிவப்பு நிறம் அவர்களிடமும் இருந்தது. பருத்தியில் துவைத்தாலும் போகாமல் நிற்கிற சிவப்பு இல்லை.

ஆகவே முதல் வேலை கஞ்சியை எடுப்பது. கடையில் வாங்குகிற வெள்ளைத் துணியில் ஆலைக் கஞ்சியும் பருத்தியின் சொந்த மெழுகும் இருக்கும். ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு, துணி தாராளமாக மிதக்கிற அளவு தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். வெள்ளைத் துணியிலிருந்து இறங்குகிற அந்தப் பழுப்புத் தண்ணீரை முதல் தடவை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மறுபடி கொதிக்க விட வேண்டும், விழுந்த நொடியில் உள்ளே போய்விட்டால் சரி.

அடுத்தது கடுக்காய். துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு பொடி, வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி முழுக்க ஊறல். பிழிந்து, அலசாமல், வெயிலில் பரப்பிக் காய வைக்க வேண்டும். துணி வெளிர் மஞ்சளாகும். ஆந்திரக் கலம்காரிக்காரர்கள் இதோடு எருமைப் பாலும் சேர்ப்பார்கள், பாலின் கொழுப்பு மையைப் பரவ விடாது. காளஹஸ்தியில் பேனாவால் எழுதுகிறவர்களுக்கு அது அவசியம். கட்டை அச்சுக்குப் பசை சேர்த்துக் கெட்டியாக்குவதால் பால் இல்லாமலும் ஓடும். டர்பன் புழுக்கத்தில் பால் தோய்த்த துணி என்ன வாசம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கடுக்காய் இங்கே எப்போதும் கையில் இருக்காது. அதற்கு மாற்றாக நான் பயன்படுத்துவது வாட்டில் மரப்பட்டை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சீகை மரம் என்பார்களே, அந்தக் குடும்பம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில், டர்பன் இருக்கிற இந்த நட்டால் பகுதிக்கு வந்து, தோல் பதனிடும் துவர்ப்புக்காக இங்கே மிட்லாண்ட்ஸ் மலைகள் பூராவும் நட்டார்கள். இப்போது அது காடு மாதிரிப் பரவி ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று, 1995இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் கீழ் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். விறகுக்கு வெட்டின இடத்தில் கேட்டால் பட்டை சும்மாவே கிடைக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று சமம் கிடையாது. கடுக்காய் கொடுப்பது வெளிர் மஞ்சள், வாட்டில் கொடுப்பது செம்பழுப்பு. இரும்போடு சேரும்போது கடுக்காயில் நல்ல கருங்கறுப்பு வரும், வாட்டிலில் பச்சை ஓடின ஒரு சாம்பல் கறுப்பு. வெள்ளைத் தரையில் பூ வேண்டும் என்றால் வாட்டில் வேண்டாம். தரையே பழுப்பாக இருந்தால் அழகு என்கிறவர்களுக்கு இதைவிட மலிவான சரக்கு இந்த நாட்டில் இல்லை.

கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும். பழைய ஆணி, உடைந்த கீல், எது கிடைத்தாலும் மண்பானையில் போட்டு வெல்லத் தண்ணீர் ஊற்றி மூடி, அவ்வப்போது கிளறி, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். நுரைத்துப் பொங்கும், புளித்த வாடை மதில் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டு ஆயா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏம்மா, பின்னால என்ன சாராயமா காச்சுற?" என்று கேட்டார். மூடியைத் திறந்து ஆணியைக் காட்டியதும் இன்னும் கவலையாகிவிட்டார். நுரை அடங்கினதும் வடிகட்டி, புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிக் கலந்தால் கட்டையில் நிற்கிற பதத்துக்கு வரும். இரும்பு விஷயத்தில் கை தாராளம் கூடாது. மியூசியங்களில் இருக்கிற பழைய கலம்காரித் துணிகளில் மற்ற நிறமெல்லாம் நன்றாக இருக்க, கறுப்புக் கோடு மட்டும் அரித்து ஓட்டையாகியிருக்கும். அது பூச்சி இல்லை, இரும்பு.

கட்டை தேக்கு மரத்தில் நன்றாக இருக்கும். புதுக் கட்டையை எண்ணெயில் நாள் கணக்கில் ஊற வைத்துவிட்டுத்தான் மையில் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் வளையும். கனமான கட்டைகளில் குறுக்கே துளை போட்டிருப்பார்கள், காற்றும் மிகுந்த மையும் வெளியேற. மேசை மேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் துணி. கட்டையை வைத்து முதுகில் முஷ்டியால் ஒரே ஒரு குத்து. இரண்டாவது குத்து குத்தினால் விளிம்பு இரட்டையாகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரும்பு மை கட்டையில் இருக்கும்போது அழுக்குப் பழுப்புதான். கடுக்காய்த் துணியில் பட்டு கட்டையை எடுக்கும்போதும் மங்கல் சாம்பல்தான். பத்து எண்ணுவதற்குள் கோடு தானாகக் கறுக்கிறது, முதலில் விளிம்பு, அப்புறம் நடு. படிகாரப் பசை இதற்கு நேர்மாறு. அதற்கு நிறமே கிடையாது, எங்கே அச்சிட்டோம் என்று தெரிவதற்காகக் கொஞ்சம் காவி கலந்துகொள்வோம், அலசினால் காவியும் போய்விடும். வெற்றுத் துணி மாதிரி இருப்பதை வேர்த் தண்ணீரில் முக்கிச் சூடேற்றினால் படிகாரம் விழுந்த இடத்தில் மட்டும் பூ சிவந்து எழும்பும். இந்த முறையில் சிவப்பு மையை யாரும் துணியில் அச்சிடுவதில்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் இந்த ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடுகிறது, அதுவரைக்கும் "சிவப்பு பவுடர் எங்கே ஆண்ட்டி" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அச்சிட்டுச் சில நாள் விட்டு அலச வேண்டும், இந்த அலசல்தான் வெள்ளைத் தரையைக் காப்பாற்றுவது. ஒட்டாமல் மிச்சம் இருக்கிற படிகாரம் தண்ணீரில் கரைந்து பக்கத்து வெள்ளையில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் சிவக்கும். ஓடுகிற தண்ணீர் ஏன் வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். பெடனாவில் கால்வாய்த் தண்ணீரில் துணியை நீளமாக விரித்துவிடுவார்கள், கரைந்ததை ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு ஆறு இல்லை. பெரிய டப்பில் நிறையத் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி சாக்பொடி, துணியை மடியாமல் விரித்தபடி ஒரே வீச்சில் இறக்கி உடனே அசைத்துவிட வேண்டும். இறக்கிவிட்டுப் போன் எடுக்கப் போனால் அவ்வளவுதான்.

தண்ணீர் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். கட்சில் அஜ்ரக் என்ற அச்சுத் துணி செய்கிற கத்ரி குடும்பங்களின் பழைய ஊர் தமட்கா. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது, இரும்பு இருந்தால் சிவப்பு பழுப்படிக்கும், அதனால் பல குடும்பங்கள் புஜ் பக்கத்தில் நிலம் வாங்கி அஜ்ரக்பூர் என்று புது ஊரே உண்டாக்கின. சாயத்துக்காக வீட்டை மாற்றியவர்கள் அவர்கள். டர்பன் குழாய்த் தண்ணீர் மென்மையானது, சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் வேண்டும், அது இல்லாவிட்டால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும். ஜோஜோ டாங்க்கில் பிடித்த மழைத் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம். அண்டாவுக்கு ஒரு டீஸ்பூன் சாக்பொடி போட்டால் சரியாகும். பழைய இரும்புக் குழாய் உள்ள வீடுகளில் முதலில் வருகிற தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் பிடியுங்கள்.

வேரை வேகமாகக் கொதிக்க விடக் கூடாது. அடுப்பைச் சிம்மில் வைத்து மெதுவாக ஏற்றி, 70 டிகிரிக்குக் கீழேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் வேரில் உள்ள பழுப்புகளும் இறங்கிச் சிவப்பைக் கெடுக்கும். அலிசரின் பொடிக்கு இந்தக் கவலை இல்லை, கொதிக்கலாம். லோட்ஷெடிங் காலத்திலிருந்து நான் கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டேன், பாதியில் சூடு நின்ற அண்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பருவத்தைப் பற்றி ஊர்ப் புத்தியை இங்கே கழற்றி வைக்க வேண்டும். நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலை நம்பி வேலையைத் திட்டமிடுவோம். இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழையும் புழுக்கமும். பசை காயாது, விளிம்பு கசியும், கடுக்காய் போட்ட துணி இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்று உலர்ந்திருக்கும், கோயில்களில் மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றுகிற சமயம்தான் எனக்கு அச்சுக் காலம். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பரில் காற்று எழும்பிவிட்டால் கொடியில் ஈரத் துணி ஒன்றோடொன்று மடிந்து ஒட்டும், அதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில்கால மாதங்களில் தையல் மட்டும்.

நீலம் தனி உலகம், அதற்குக் கடுக்காயும் வேண்டாம் படிகாரமும் வேண்டாம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. ஆக்சிஜனை எடுத்துவிட்டால்தான் காரத் தண்ணீரில் கரையும், துணியில் ஏறும், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி கரையாத நீலமாகி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தென்னிந்தியாவில் பழைய தொட்டிகளில் தகரை விதையை வேக வைத்துச் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். வீட்டுக்கு ஏற்றது பிரெஞ்சுக்காரர் மிஷெல் கார்சியா பரப்பிய 1-2-3 கணக்கு. ஒரு பங்கு நீலப்பொடி, இரண்டு பங்கு நீற்றின சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை, சுடுதண்ணீர். பழச்சர்க்கரைக்குப் பதில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தை வேக வைத்து வடித்த தண்ணீரும் ஓடும், நட்டாலில் வாழைப்பழத்துக்கா பஞ்சம். தொட்டி தயாரானதும் மேலே செம்பு மினுமினுப்பில் ஒரு ஆடை படியும், அடியில் தண்ணீர் மஞ்சள் பச்சையாகத் தெளிந்திருக்கும். தண்ணீரே நீலமாகத் தெரிந்தால் இன்னும் தயாராகவில்லை. துணி பச்சையாக வெளியே வரும், கையில் பிடித்திருக்கும்போதே நீலமாகும். ஒரு தடவை ரொம்ப நேரம் முக்குவதைவிடக் கொஞ்ச நேரமாகப் பல தடவை முக்கிக் காற்றாட விடுவதுதான் நிற்கும். கடைசியில் சுண்ணாம்பு போக வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு அலசல்.

இங்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம் ஒன்று. நீலத்துக்கு நம் ஊர் அவுரி மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவின் சொந்தச் செடி ஒன்றுக்கு நட்டால் இண்டிகோ என்றே பேர். 19ஆம் நூற்றாண்டில் அது இங்கிருந்து ஜாவாவுக்குப் போய், அங்கிருந்து அந்த நூற்றாண்டின் கடைசியில் பீகாருக்குப் போனது, நம் அவுரியைவிடச் சாயம் அதிகம் தருகிறது என்று தோட்டக்காரர்கள் விரும்பி நட்டார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து நம் ஆட்களைக் கரும்புக்கு இங்கே இறக்கினார்கள். இங்கத்திச் செடி நீலத்துக்கு அங்கே போயிருக்கிறது.

மஞ்சளுக்கு நான் கோயிலைத்தான் நம்புகிறேன். காவடி முடிந்த மறுநாள் மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி மாலை ஒதுக்கி வைத்திருப்பார்கள், கால் மிதிபடாத இடத்தில் போட வேண்டும் என்று யாராவது கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். நாரை உருவி, இதழை மட்டும் வெயிலில் காய வைத்து டப்பாவில் போட்டால் அச்சுக் காலம் வரை தாங்கும். படிகாரத் துணியில் நல்ல மஞ்சள், இரும்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் பாசிப்பச்சை. சாமிக்குப் போட்ட பூவில் தோய்த்ததை இடுப்புக்குக் கீழே கட்டலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். சாஸ்திரம் எனக்குத் தெரியாது, அன்றிலிருந்து அந்த மஞ்சளைத் துப்பட்டாவுக்கும் தலையணை உறைக்கும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன், வம்பு இல்லை. சமையல் மஞ்சள் பொடியில் மட்டும் யாரும் துணி தோய்க்காதீர்கள். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) குழம்பு கொட்டின கறையை வெயிலில் காய வைத்தால் போய்விடுகிறதே, அதே வெயில் உங்கள் துப்பட்டா நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

இனி துவைப்பது. வருகிற புகாரில் பெரும்பகுதி இங்கேதான். உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். சாயம் போட்டு முடிந்த துணியில் உப்பு எதையும் பிடித்து வைக்காது, வினிகர் இரும்புக் கறுப்பைக் கரைக்கும். அது உதவி செய்வது நீலத் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு மட்டும்தான். சலவைப் பவுடரில் உள்ள சோடா மஞ்சிட்டிச் சிவப்பை ஊதாப் பக்கம் இழுக்கும், வெண்மை கூட்டும் பொருள் கலந்த பவுடர் எல்லா நிறத்தையும் சோகையாக்கும். காரமில்லாத திரவ சோப்போ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போதும், குளிர்ந்த தண்ணீர், ஊற வைக்கக் கூடாது, உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் காய வைக்க வேண்டும். புது நீலத் துணியை மட்டும் முதல் தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாகத் துவையுங்கள், மேலாக ஒட்டியிருக்கிற நீலம் போகட்டும். அது போகாமல் உடுத்தினால் கழுத்திலும் கைப்பையிலும் ஒட்டும், அதைச் சாயம் போகிறது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஷ்வேஷ்வேயோடு சேர்த்துத் தைக்கிறவர்களுக்கு இன்னொன்று. அதன் முறையே தலைகீழ். முழுத் துணிக்கும் நிறம் போட்டுவிட்டு, செதுக்கின செம்பு உருளையால் அமிலப் பசை அச்சிட்டுப் பூ விழ வேண்டிய இடத்தில் நிறத்தை எடுத்துவிடுவார்கள். அகலம் 90 சென்டிமீட்டர்தான், நம் துணி 44 அங்குலம் வரும், அதனால் கணக்குப் போடும்போதே கவனம் வேண்டும். புதுசாக இருக்கும்போது அட்டை மாதிரிக் கஞ்சி விறைப்பு, துவைத்தால் பருத்தி மெத்தென்று ஆகிக் கொஞ்சம் சுருங்கும். நம் கேம்ப்ரிக் பருத்தியும் சுருங்கும், இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. வெட்டுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாகத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டால் பின்னால் பாவாடை ஓரம் அலை அலையாகத் தொங்காது.

விலை அதிகம் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. டாக்டர் கூனம் ஸ்ட்ரீட்டில், இன்னமும் எல்லாரும் பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறோம், பாதி விலைக்கு நல்ல ஸ்க்ரீன் பிரிண்ட் காட்டன் கிடைக்கிறது, தினமும் வேலைக்குப் போட்டு மெஷினில் துவைக்கிறவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம். இதை வாங்கினால் கையால் துவைக்க வேண்டும், வெயிலுக்கு மறைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். மங்கினால் தூக்கிப் போட வேண்டாம், கடுக்காயும் படிகாரமும் ஏறின துணி மறுபடி சாயம் வாங்கும். வெளிறின செண்டுமல்லித் துப்பட்டாவை நீலத்தில் முக்கினால் நல்ல பச்சை வரும். என்னிடம் வாங்கினது என்றால் கொண்டு வாருங்கள், முக்கித் தருகிறேன். நீலத் தொட்டி ஜூன் கடைசியில்தான் கலக்குவேன், அதற்கு முன்னால் வந்தால் துணியைப் பேர் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.